பெருந்தலைவர் எம்.சி. ராஜாவும் சட்டமன்ற இருக்கைகளும்

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்குங் காலத்தில் நம் பனமலைப் பகுதியிலிருந்து ஓரிரு பிள்ளைகளேனும் பையும் படுக்கையுமாகச் சென்னைக்குப் புறப்படுகின்றனர். அவர்களுள் சிலர்க்குச் சைதாப்பேட்டையிலுள்ள அரசு மாணவர் விடுதியில் இடம் கிடைக்கிறது. அவ்விடுதிக்கு எம்.சி. ராஜா என்னும் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அப்பெயருக்குரியவர் யாவர் என்று நம் கழகத்தின் மாலை வகுப்பில் ஒருமுறை வினவினோம். எவரோ ஒரு சிற்றரசர், விடுதிக்கு நிலம் ஈந்தவர் போலும் என்று ஒரு மாணவர் விடை பகர்ந்தார். வகுப்பு முழுதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பெயரிட்ட கூரையின் கீழ் உண்டு உறங்கிப் படித்து, இன்று அலுவலில் அமர்ந்திருப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்களைத் தனியே அழைத்துக் கேட்டிருப்பினும் விடை அதனினும் சிறந்திருக்குமா என்பது ஐயமே. வெள்ளிவிழா மலரில் அன்னாரின் வரலாற்றை எழுதத் துணிந்ததன் காரணம் இதுவே.

தலைவர்களின் பெருமையைப் போற்றும் வரலாறுகள் நம்மிடம் பல உண்டு. நாம் ஈண்டுச் செய்ய விழைவது சற்று வேறுபட்டது. நியமன உறுப்பினர், பெரும்பான்மையற்ற அமைச்சர், தேர்தலில் வென்ற உறுப்பினர் எனத் தம் காலத்து அரசியலமைப்பு வழங்கிய இருக்கைகள் பலவற்றிலும் ராஜா அவர்கள் அமர்ந்து பார்த்தவர். அமர்ந்த இடந்தோறும் அவர் கேட்டவை ஏறத்தாழ ஒன்றே: கிணறு, தெரு, பள்ளிக்கூடம், குடியிருக்க நிலம், கோயில் வாயில். சில இருக்கைகளிலிருந்து கேட்டபோது கிடைத்தது. சிலவற்றிலிருந்து கேட்டபோது கிடைக்கவில்லை. கேட்டவர் ஒருவரே, கேட்கப்பட்ட பொருளும் ஒன்றே ஆகலின், வேறுபாடு இருக்கையில்தான் இருந்திருத்தல் வேண்டும். அவ்வேறுபாட்டை அறிவது தேர்தலில் வாக்களிக்கும் நம் இளைஞர்க்கு இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெசுலி மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் வெசுலி கல்லூரியிலும் கற்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நம்மவருள் எழுத்தறிந்தாரே அருகியிருந்த காலத்தில் அப்பட்டம் எத்துணை அரியது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பட்டம் பெற்றபின் அவர் தேர்ந்துகொண்டது ஆசிரியத் தொழில். மாணவர்க்கான பாடநூல்களும் எழுதினார். 1916 முதல் ஆதிதிராவிட மகாஜன சபையின் பொறுப்பேற்று நடத்திய அவரது பொதுவாழ்வில் ஆசிரியரின் இயல்பு கடைசிவரை நீங்கவில்லை. கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்யும் நாவலர் என்று சொல்வதைக் காட்டிலும், கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவர் என்று அவரைச் சொல்லுதல் பொருந்தும்.

1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டப்படி 1920 இறுதியில் சென்னை மாகாணத்தில் புதிய சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடந்தது. 4 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12.5 இலட்சம் பேர் மட்டுமே. வரி செலுத்துவோர்க்கும் நிலமுடையோர்க்குமே வாக்கு. நிலமற்ற நம் மக்கள் அப்பட்டியலில் இடம்பெறுதல் அரிது. ஆளுநரின் நிருவாகக் குழுவினரை நீக்கி 127 உறுப்பினர் கொண்ட அம்மன்றத்தில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், 29 பேர் நியமனம் பெற்றோர். அந்நியமனங்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பார் அனைவர்க்குமாகச் சேர்த்து ஒதுக்கப்பட்டவை 5. அவ்வைந்தனுள் ஒன்றில் ராஜா அமர்ந்தார். நீதிக் கட்சியின் அணியில் சேர்ந்து, சட்டமன்றத்தில் அக்கட்சியின் துணைத் தலைவராகவும் விளங்கினார்.

நியமன இருக்கையின் தன்மையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனை அளிப்பவர் ஆளுநர்; எடுப்பவரும் அவரே. நியமன உறுப்பினர்க்குத் தொகுதி இல்லை. அவரைத் தேர்ந்தனுப்பிய மக்கள் என்று எவரும் இலர். ஆதலின் அமைச்சரைக் கண்டு அவர் அஞ்சவேண்டுவதில்லை. மனத்திற் பட்டதைப் பேசலாம். அமைச்சரும் அவரைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை என்பதே அதன் மறுபக்கம். ஐந்து வாக்குகளால் எந்த அமைச்சரவையும் கவிழ்வதில்லை.

இவ்விருக்கையிலிருந்து அவர் பெற்ற முதல் வெற்றி பெயர் மாற்றம். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஆவணங்களினின்று நீக்கி, தமிழ் வழங்கும் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு வழங்கும் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் வழங்கவேண்டுமென அவர் தீர்மானம் கொணர்ந்தார். மன்றம் ஏற்றது, 1922இல் அரசு ஆணை பிறந்தது. இன்று நாம் சாதிச் சான்றிதழில் காணும் பெயர் அவ்வாறு வந்ததே. அவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அத்தீர்மானம் எளிதில் நிறைவேறியதன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அதனால் எவர்க்கும் ஒரு காசும் செலவில்லை; எவர் நிலத்திலும் ஒரு முழமும் குறையவில்லை.

காசும் நிலமும் வேண்டிய கோரிக்கைகளின் கதி வேறு. அன்றைய ஆட்சி இரட்டையாட்சி எனப்பட்டது. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் முதலியன மன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சர்களிடமும், நிலவருவாய், நிதி, காவல் முதலியன ஆளுநரின் குழுவினரிடமும் பிரித்துவைக்கப்பட்டிருந்தன. நம் சேரியில் ஒரு பள்ளிக்கூடம் எழவேண்டுமாயின், பள்ளி ஒருபாதியின் பொறுப்பு. அது நிற்கவேண்டிய புறம்போக்கு நிலம் மறுபாதியின் பொறுப்பு. கிணறு வெட்டவேண்டுமாயின் உள்ளாட்சி மன்றம் ஒருபக்கம், நிலவரி அலுவலர் மறுபக்கம். கேட்பவர் இரு வாயில்களுக்கும் நடக்கவேண்டும். இரு வாயிலாரும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டலாம்.

இஃது ஏதோ நூறாண்டுக்கு முந்திய செய்தி என்று இளைஞர்கள் எண்ணவேண்டா. நம் கழகத்தின் மாலைப் பள்ளிக் கட்டடத்திற்காக நாம் கேட்டது 5 சென்ட் நிலம். இடம் ஓர் அலுவலகத்திற்குரியது, கட்ட இசைவு தருவது பிறிதோர் அலுவலகம், மின்னிணைப்பு மூன்றாவது. எவரும் மறுக்கவில்லை, எவரும் தரவுமில்லை. கோப்பு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. அக்கோப்பை முதலில் தூக்கிச் சென்ற நம் முன்னாள் பொருளாளர் கட்டடத்தின் கால்கோளைக் காணாமலே மறைந்தார். இரட்டையாட்சி 1937இல் முடிந்ததென வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நாம் அதனை முழுதும் ஒப்பவில்லை.

1921இல் நீதிக் கட்சி அரசு வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. அரசு வேலைகளைப் பல வகுப்பார்க்கும் பகிர்ந்தளிக்க முற்பட்ட அவ்வாணை பெரும் சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆதிதிராவிடர்க்கென அதில் தனிப் பங்கு குறிக்கப்படவில்லை. ராஜா தூதுக்குழுவுடன் சென்று முறையிட்டார், பயனில்லை. 1927இல் ஆணை திருத்தப்பட்டபோதுதான் 12 இடங்களுக்கு ஒன்று என நமக்கு வகுக்கப்பட்டது. அதே 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர்க்கு அரசு அளவிறந்த சலுகை காட்டியதே காரணம் என்று கட்சியின் பெரியோர் சிலர் பழித்துரைத்தனர். இவ்வளவையும் தாங்கியிருந்த ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். கட்சித் துணைத் தலைவர் என்னும் பட்டம் இருந்தும் கட்சியின் முடிவை அசைக்கும் எண்ணிக்கை அவர் பின்னால் இல்லை.

அக்காலத்தே மன்றத்தில் அமர்ந்த மற்றொரு பெரியார் இரட்டைமலை சீனிவாசன். அவரும் பிற நியமன உறுப்பினரும் எடுத்த முயற்சியால் 1924இல் பொதுத் தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொதுக் கட்டடங்கள் யாவும் எல்லா வகுப்பார்க்கும் திறந்தவையே என்னும் தீர்மானம் நிறைவேறியது. அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. ஆனால் கிணற்றடியில் நின்று ஆணையை நிறைவேற்ற வேண்டியவர் யாவர்? தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் ஊர் அலுவலரும் அன்றோ? அவ்வுள்ளாட்சி மன்றங்களில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் எந்தக் கிணற்றில் நம்மவர் நீர் மொள்ளக்கூடாதென்று இருந்ததோ அக்கிணற்றைச் சூழ்ந்த நிலங்களின் உடையவர். தீர்மானம் வேறு, தண்டனை விதியுடைய சட்டம் வேறு, சட்டத்தை நடத்தும் கை வேறு. ராஜா இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குப் பின்னாளில் அவர் தீர்மானத்தை விடுத்துச் சட்டத்தையே நாடியது சான்று.

1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்னும் பொருள்படும் ஆங்கில நூலொன்றை அவர் வெளியிட்டார். 1927 முதல் 1937 வரை தில்லி மத்தியச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோரின் நியமன உறுப்பினராக இருந்தார். அம்மன்றத்தில் அவ்வகுப்பாரின் சார்பில் அமர்ந்த முதல்வர் அவரே. சைமன் குழுவோடு இணைந்து பணியாற்றிய இந்திய மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார். தில்லியில் கழிந்த பத்தாண்டுகளில் அவர் குரல் நாடறிந்ததாயிற்று. ஆயினும் அங்கும் அவர் இருக்கை நியமன இருக்கையே.

இனி 1932ஆம் ஆண்டின் செய்திக்கு வருவோம். இதில் நம் பெரியோர் தம்முள் மாறுபட்டனர். அதனை மறைத்தெழுதும் வழக்கம் உண்டு; நாம் மறைக்கவில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். இன்று நாம் தனித்தொகுதி என்று வழங்குவது, வேட்பாளர் மட்டும் பட்டியல் வகுப்பினராயிருக்க, ஊரார் அனைவரும் வாக்களிக்கும் தொகுதி. அன்று தலைவர்கள் கேட்ட தனி வாக்காளர் தொகுதி என்பது வேட்பாளரும் நம்மவர், வாக்களிப்போரும் நம்மவரே என்னும் ஏற்பாடு. முன்னதில் நம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பிறர் வாக்கு. பின்னதில் நம் வாக்கு ஒன்றே.

வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர், ராஜா அழைக்கப்படவில்லை. தொடக்கத்தில் ராஜாவும் தனி வாக்காளர் தொகுதியையே வேண்டினார். பின்னர் 1932இன் முற்பகுதியில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சே அவர்களுடன் உடன்பாடு செய்துகொண்டு, இடஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதியை ஏற்றார். அழைக்கப்படாத வருத்தத்தால் அவ்வாறு செய்தார் என்பார் சிலர். நாம் அவர் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். ஐந்து பேர் தனித்து நின்ற மன்றத்தில் தோற்றுத் தோற்று வந்தவர் அவர். ஊரோடு சேர்ந்து வாக்குக் கேட்டால் ஊராரும் நம் தெருவுக்கு வந்து வாக்குக் கேட்க நேரும், அதனால் நம் குறையும் அவர்கள் குறையாகும் என அவர் கணக்கிட்டிருக்கலாம். தவறான கணக்கு என்று அப்போதே சொல்லிவிட எவராலும் இயலாது.

அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டார். மாகாண மன்றங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கு 71 இடங்கள், சென்னையில் 18. தனி வாக்காளர் தொகுதியோடு பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், சீனிவாசன், ராஜா ஆகிய மூவரும் கையொப்பமிட்டோரில் அடங்குவர். இடங்கள் 71இலிருந்து 148 ஆயின, சென்னைக்கு 30. தனி வாக்காளர் தொகுதி போயிற்று. முதனிலைத் தேர்தலில் நம்மவர் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர் என வகுக்கப்பட்டது. இருக்கைகள் பெருகின, இருக்கையில் அமர்த்தும் கை மாறியது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணாமல் அவ்வொப்பந்தத்தின் இலாப நட்டத்தைக் கணக்கிட இயலாது.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937இல் தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் காங்கிரசு 159ஐ வென்றது. நமக்கு ஒதுக்கிய 30இல் மிகப் பெரும்பாலானவையும் அக்கட்சிக்கே சென்றன. ஆளுநரின் தலையீடு பற்றிய உறுதிமொழி கேட்டுக் காங்கிரசு உடனே பதவியேற்க மறுத்தமையால், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை ஏப்ரல் 1இல் அமைந்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சரானார். பரங்கிமலைப் பிள்ளை அமைச்சர் நாற்காலியில் அமர்ந்த செய்தி நம் மக்களுக்கு எத்துணை மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத அவ்வமைச்சரவை ஒரு மசோதாவையும் தாங்கி நிறுத்தும் வலிமையற்றது. சூலை 14இல் அது விலகிற்று. மூன்றரை மாதப் பதவி. கையெழுத்திடும் உரிமை இருந்தது, சட்டமியற்றும் எண்ணிக்கை இல்லை.

இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சரானார். ராஜா சட்டமன்றத்தில் தம் இருக்கைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு, 1938இல், அவர் கொணர்ந்த இரண்டு மசோதாக்களே இவ்வரலாற்றின் உயிர்நாடி. இளைஞர்கள் இப்பகுதியைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும்.

முதல் மசோதா சமூக உரிமைத் தடைகளை நீக்குவது. பொதுச் சாலை, கிணறு, குளம், ஊர்தி ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும் அரசு வேலையிலும் ஆதிதிராவிடரைத் தடுத்தல் சட்டத்திற்கு மாறானது என்றும், அவ்வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றும் அது வகுத்தது. 1924இன் தீர்மானம் கேட்டதனைத் தண்டனையோடு கூடிய சட்டமாக்கிற்று. முதலமைச்சர் ஆதரித்தார், ஆளுங்கட்சியின் பெரும்பான்மை முழுதும் பின்னின்றது, சட்டம் நிறைவேறியது.

இரண்டாவது மசோதா கோயில் நுழைவு பற்றியது. அரசின் ஆதரவு இதற்கும் கிடைக்குமென ராஜா எதிர்பார்த்திருந்தார். திருவிதாங்கூரில் 1936 நவம்பரிலேயே மன்னரின் ஆணையால் கோயில்கள் திறந்திருந்தன. மன்னராட்சியில் ஒரு கையெழுத்தால் ஆனது மக்களாட்சியில் ஆகாதா என்பது இயல்பான வினா. ஆனால் ராஜாஜி படிப்படியாகச் செல்லவேண்டும் என்றார். மலையாள மாவட்டத்திற்கு மட்டும் அரசே ஒரு மசோதா கொணரும், மாகாணம் முழுதுக்குமான ராஜாவின் மசோதாவைத் திரும்பப் பெறவேண்டும் என்று வற்புறுத்தினார். ராஜா இசையவில்லை. தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரி வாக்கெடுப்புக்கு விட்டார். முதலமைச்சர் எதிர்த்தார், கோரிக்கை தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்று காங்கிரசு வரிசையில் அமர்ந்திருந்த நம்மவரும் கட்சிக் கட்டுப்பாட்டின்படி அவரைக் கைவிட்டனர். ராஜா காந்தியடிகளுக்கு முறையிட்டு எழுதினார். அடிகளோ ராஜாஜியிடம் நம்பிக்கை வைக்கும்படியே அறிவுறுத்தினார்.

ஒரே ஆண்டு, ஒரே மன்றம், ஒரே உறுப்பினர், அதே முப்பது ஒதுக்கிய இடங்கள். ஒரு மசோதா பிழைத்தது, ஒன்று மடிந்தது. பிரிட்டனின் முறையைத் தழுவிய மன்றங்களில் பெரும்பான்மையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சரவை எதனை விரும்புகிறதோ அதுவே சட்டமாகும். தனி உறுப்பினரின் மசோதா அமைச்சரவையின் நிழலில்தான் முளைக்கும். இவ்வுண்மையை ராஜா அவ்வாண்டில் நேரிற் கண்டார். ஒதுக்கிய இடங்களிலிருந்த நம்மவரை நாம் கோழைகள் என்று ஏசிவிட்டுப் போகலாம், அது எளிது. ஆனால் அவர்களுக்குத் தேர்தலில் நிற்க இடமளித்தது கட்சி, அவர்களை வெல்லவைத்தது ஊராரின் வாக்கு. கோயில் கதவைத் திறக்க அவ்விரண்டையும் இழக்கத் துணியவேண்டும். அத்துணிவை எல்லாரிடமும் எதிர்பார்ப்பது ஏற்பாட்டின் குறையை மனிதர் தலையில் சுமத்துவதாகும்.

அவ்வாறாயின் தனி வாக்காளர் தொகுதி இருந்திருந்தால் மசோதா வென்றிருக்குமா? அதுவும் இல்லை என்றே நாம் கருதுகிறோம். 18 பேரும் ஒரு குரலாக வாக்களித்திருப்பினும் 215 பேர் மன்றத்தில் 18 பதினெட்டே. நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு 1867 முதல் அவர்களே தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதிகள் உண்டு. நூற்றாண்டுக்கும் மேலாக அவை நான்காகவே நிறுத்தப்பட்டிருந்தன. குரல் தம்முடையதாக இருந்தது, எண்ணிக்கை வளரவில்லை. தனித் தொகுதி நாவைத் தரும், கையைத் தாராது. கூட்டுத் தொகுதி கையருகே கொண்டு சேர்க்கும், நாவைக் கட்டிவிடும். இவ்விரு குறைகளுக்கும் நடுவே வழி காண முயன்றதே பூனாவில் வகுத்த முதனிலைத் தேர்தல். அதனையும் பின்னர்க் கைவிட்டனர்.

அரசு கொணர்ந்த மலபார் கோயில் நுழைவுச் சட்டம் 1938இல் நிறைவேறியது. அதன்படி கோயில் திறப்பது அப்பகுதி இந்து வாக்காளரின் பெரும்பான்மை விருப்பைப் பொறுத்தது. யாரை உள்ளே விடலாம் என்பதனை உள்ளே இருப்போரிடமே கேட்கும் ஏற்பாடு. 1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் நுழைந்தபோது, நுழைந்தோரையும் அழைத்துச் சென்றோரையும் காக்க அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஓராண்டுக்கு முன் ஆகாது என்றது அப்போது ஆயிற்று. மாகாணம் முழுதுக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அப்போது முதலமைச்சராயிருந்தவர் நம் திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார். அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் நம் பனமலைக் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எடுத்த கற்றளியைப் போலும் பழங்கோயில்கள் பல ஊர்களில் உண்டு. ஏரிக்கரையிலிருந்து கோபுரத்தைக் கண்டு கைகூப்பிவிட்டுச் சென்ற தலைமுறைகளுக்கும், படியேறிச் சுவரில் எஞ்சியிருக்கும் உமையின் ஓவியத்தை அருகே நின்று காணும் இத்தலைமுறைக்கும் இடையே நிற்பது அச்சட்டம். ராஜா கேட்டதற்கும் அது வந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

அதனைக் காண அவர் இல்லை. 1938க்குப் பின் கூட்டுத் தொகுதியில் அவர் வைத்திருந்த நம்பிக்கை தளர்ந்தது. பூனா ஒப்பந்தம் நடைமுறையில் நம்மவரைக் கட்சிகளின் கையில் ஒப்படைத்துவிட்டது என்னும் முடிவுக்கு வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற அம்பேத்கருடன் 1942இல் சேர்ந்து சென்று, கிரிப்ஸ் அவர்களைச் சந்தித்துத் தாழ்த்தப்பட்டோர்க்குரிய காப்புகள் அத்திட்டத்தில் இல்லை என எடுத்துரைத்தார். தம் கணக்குத் தவறியதென்று கண்டால் கரும்பலகையை அழித்துவிட்டு மீண்டும் எழுதும் ஆசிரியர் அவர். 1943இல் அன்னார் மறைந்தார்.

விடுதலைக்குப் பின் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை 17ஆம் பிரிவால் ஒழித்தது. அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. கூட்டுத் தொகுதியில் இடஒதுக்கீட்டை வைத்துக்கொண்டது. நம் மாவட்டத்தில் திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் இன்று தனித்தொகுதிகள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் இங்கே கருதவேண்டும். 1938இல் கட்சியை மீறி ராஜாவுக்கு வாக்களித்திருந்தால் ஓர் உறுப்பினர் கட்சியின் தயவை இழந்திருப்பார். இன்று கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியையே இழக்கக்கூடும்.

இடஒதுக்கீட்டால் பயன் உண்டா என்று அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். சட்டமன்றங்களில் ஒதுக்கிய இடங்கள் கூடியபோது ஒதுக்கீடு பெற்ற வகுப்பார்க்கென அரசு பகிர்ந்தளிப்பவையும் கூடின என்று ரோகிணி பாண்டே 2003இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார். தனித்தொகுதிகளையும் அவற்றை ஒத்த பிற தொகுதிகளையும் பல்லாண்டுக் கணக்கில் ஒப்பிட்ட பிரான்செஸ்கா யென்செனியஸ் என்பார், தொகுதியின் பொது வளர்ச்சியில் பெரிய வேறுபாடு காணவில்லை. இரண்டும் முரண் போலத் தோன்றும். நமக்கு முரணாகத் தோன்றவில்லை. கட்சியோடும் ஊரோடும் ஒத்துப்போகும் உறுப்பினர் விடுதியும் உதவித்தொகையும் பெற்றுத்தர இயலும்; அவற்றுக்கு ஊரார் பெரிதும் தடை சொல்வதில்லை. ஊரின் வழக்கத்தோடு மோதும் காரியமே அவர்க்கு அரிதாகிறது. பெயர் மாற்றத்துக்கும் கோயில் மசோதாவுக்கும் நேர்ந்த வேறுபாடும் அதுவே.

ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு ஒதுக்கீடு வந்தபோது இதே வரலாறு கிராமத்தில் மீண்டும் நடந்தது. 1996 தேர்தலில் தனி ஊராட்சியாக்கப்பட்ட மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூனில் மற்றும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லாமலே கழிந்தன. வேட்பாளர் வாரார், வந்தாலும் பதவியேற்ற உடனே விலகுவர். 2006இல் அரசு உறுதிகொண்டு முனைந்தபோது அதே ஊர்களில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் அமர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

சைதாப்பேட்டை விடுதியில் இவ்வாண்டு நம் கழகத்தின் மாணவர் மூவர் தங்கிப் படிக்கின்றனர். அவர்களுள் ஒருவர்தான் முன்னர்க் கூறிய சிற்றரசர் விடையைப் பகர்ந்தவர். இக்கட்டுரையின் படியொன்றை அவர்க்கு அனுப்பியுள்ளோம். விடுதிக்கு விண்ணப்பிக்க விரும்பும் ஏனைய மாணவர்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுடன் ஞாயிறு மாலைகளில் மாலைப் பள்ளிக் கட்டடத்தில் செயற்குழுவினரைக் காணலாம்.